‘பெந்தெகொஸ்தே வீட்டுப் பொண்ணா?’ என்று கேட்டதுமே நம்மை முழுசாக அளந்துவிடுகிறவர்கள்

தேரிக்காடு:

கண்டிப்பான கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்கள் இந்தக் குழுமத்தில் பலர் இருக்கிறீர்கள் என்று பழைய இழைகளைப் படித்தபோது தெரிந்தது. வெகுநாளாக மனதில் கிடப்பதை அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சாத்தான்குளம் பக்கம். பெந்தெகொஸ்தே வீடு. நகை, பூ, பொட்டு மூன்றும் கிடையாது, காதே குத்தவில்லை. டிவி இல்லை, சினிமா இல்லை. ஊர்க்கொடைக்கு ராட்டினம் வந்தால் தூரத்திலிருந்து பார்க்கலாம், ஏறக்கூடாது. ஞாயிறு ஆராதனை, புதன் வீட்டுக்கூட்டம், வெள்ளி உபவாச ஜெபம், மாதம் ஒருமுறை முழு இராத்திரி ஜெபம், மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி. இதுதான் என் பிள்ளைப் பருவம். அதில் சந்தோஷமும் நிறைய இருந்தது.

இப்போது 35 வயது தாண்டிவிட்டது. சென்னையில் வங்கி வேலை. இன்றைக்கும் நகை போடுவதில்லை. வாங்க வசதி இருக்கிறது, போடப் பிரியம் இல்லை. சினிமா விரும்பிப் பார்க்கிறேன். சபைக்குப் போகிறேன், ஆனால் வளர்ந்த சபைக்கு அல்ல. குடிப்பதில்லை. கல்யாணம் வேண்டாம் என்று முடிவு செய்து, ஒரு தோழியோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறேன்.

இதில் ஒன்றைக்கூட நான் யோசித்து எடுத்த முடிவு என்று யாரும் நம்புவதில்லை. நகை போடாவிட்டால் "சின்ன வயசுலயே மூளையில ஏத்திட்டாங்க, பாவம்." சினிமாவுக்குப் போனால் "அடக்கி வளர்த்தாங்கல்ல, அதான் இப்ப இப்படி." குடிக்காவிட்டால் "இன்னும் பயம் போகல." கல்யாணம் வேண்டாம் என்றால் "ஆம்பளைங்கன்னாலே பாவம்னு சொல்லி வளர்த்திருப்பாங்க." ஊருக்குப் போனால் இதே பட்டியலை வேறு மாதிரி வாசிக்கிறார்கள். நகை போடாதது அம்மா ஜெபத்தின் பலன். சினிமா பார்ப்பது பின்மாற்றம், அதாவது விசுவாசத்தில் பின்வாங்கிப் போவது. கல்யாணம் வேண்டாம் என்பது பிசாசின் தந்திரம்.

இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றையொன்று ஆகாது. ஆனால் என்னைப் பற்றிப் பேசும்போது இருவரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். நான் செய்வது, செய்யாதது எல்லாவற்றுக்கும் என் அப்பா அம்மாதான் காரணம் என்கிறார்கள்.

சைவ வீட்டில் பிறந்தவர் 50 வயதிலும் சைவமாக இருந்தால் அதை யாரும் மூளைச்சலவை என்று சொல்வதில்லை. எங்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கணக்கு? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். மதத்தைத் திட்டவோ பரப்பவோ இந்த இழை வேண்டாம்.

கீபோர்டுக்காரன்:

அக்கா, நான் சொல்ல நெனச்சதை அப்படியே எழுதிட்டீங்க.

நான் கீபோர்டு வாசிக்கக் கத்துக்கிட்டது முழுக்க சபையிலதான். வீட்ல சினிமாப் பாட்டு கேக்கக் கூடாது. ஆனா பஸ்ல கேக்கும், டீக்கடைல கேக்கும். காதுல விழுந்ததை சபைக்கு வந்து கீபோர்டுல வாசிச்சுப் பாப்பேன், அப்பா மொறைப்பார். இப்ப ரெக்கார்டிங், மேடைக் கச்சேரின்னு பொழப்பு ஓடுது. சென்னைல ஸ்டூடியோவுக்கு வாசிக்க வர்ற கிடார், பேஸ், கீபோர்டு ஆளுங்கள்ல சர்ச்ல இருந்து வந்தவங்க நெறைய பேர். அதுக்குக் காரணம் இருக்கு. பாடுறவர் எந்தச் சுருதில எடுப்பார்னு தெரியாது, கையில நோட்ஸ் கிடையாது, முன்னாடி கூட்டம் நிக்கும். வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை அப்படி வாசிச்சே ஆகணும். போதகர் ஜெபம் பண்றப்ப பின்னாடி மெதுவா வாசிச்சிட்டே இருக்கணும், அவர் குரல் ஏறினா நாமளும் ஏறணும், அவர் அழுதா நாம அடங்கணும். இன்னைக்கு ஒரு சீனுக்குப் பின்னணி வாசிக்கிறப்ப அதே காதுதான் எனக்கு வேலை செய்யுது.

ஆனா ஊர்ல நான் "உலகத்துக்கு வாசிக்கப் போனவன்." ஸ்டூடியோல நான் "சாமியார் கேஸ், சரக்கடிக்க மாட்டான், பார்ட்டிக்குக் கூப்பிடாத." என் தொழில் என் வளர்ப்புக்கு எதிரா நான் பண்ற கலகம்னு ரெண்டு பேரும் நெனக்கிறாங்க. எனக்கு அது அங்க ஆரம்பிச்சதோட தொடர்ச்சி.

குருமனைப்பிள்ளை:

என் தகப்பனார் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குருவானவர். எங்கள் பக்கம் ‘ஐயர்’ என்பார்கள், ஆகவே நான் ஐயர் மகன். சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றல் வரும். புதுச் சேகரம் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகள்), புதுக் குருமனை (குருவானவர் குடியிருக்கும் வீடு), புதுப் பள்ளிக்கூடம். குருமனை பெரும்பாலும் ஆலய வளாகத்தை ஒட்டியே இருக்கும். வீட்டுக்கு யார் வருகிறார்கள், இரவு எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது, எல்லாம் சபைக்குத் தெரியும். கீர்த்தனை பாடும்போது நான் வாய் திறக்காமல் நின்றால் திங்கட்கிழமை அம்மாவிடம் விசாரணை வரும்.

வாத்தியார் பிள்ளை மக்கு என்கிற மாதிரி ஐயர் பிள்ளை போக்கிரி என்று ஒரு நம்பிக்கை எல்லா ஊரிலும் உண்டு. இது எப்படி நிலைக்கிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். தெருவில் பத்துப் பையன்கள் சிகரெட் பிடித்தால் அது பேச்சே இல்லை. ஐயர் மகன் பிடித்தால் அடுத்த மாற்றல் வரை அதுதான் பேச்சு. படித்து, வேலைக்குப் போய், வீட்டுக் கடன் கட்டிக்கொண்டு சாதாரணமாக வாழும் ஐயர் பிள்ளைகளைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. காதில் விழுந்த கதைகளை மட்டும் எண்ணினால் போக்கிரிகள்தான் அதிகம் தேறுவார்கள்.

இன்னொன்றும் உண்டு, இது உள்ளேயிருந்து வருவது. நீதிமொழிகள் 22:6: "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்." இந்த வசனத்தை எங்கள் சபைகளில் உத்தரவாதமாகவே பிரசங்கிப்பார்கள். அப்படியானால் பிள்ளை வேறு வழியில் போனால்? பெற்றோர் சரியாக நடத்தவில்லை என்று ஆகிவிடுகிறது. என் தம்பிக்கு விவாகரத்து ஆனபோது சிலர் அப்பாவிடம் வந்து, உங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் ஒழுங்காக நடந்ததா என்று கேட்டார்கள். தம்பி எப்படி இருக்கிறான், சாப்பிடுகிறானா என்று ஒருவரும் கேட்கவில்லை. நீதிமொழிகள் அனுபவ ஞானத்தைச் சொல்லும் புத்தகம், அதில் ஒவ்வொரு வரியையும் ஒப்பந்தமாக எடுக்கக்கூடாது. அப்பாவே கடைசிக் காலத்தில் அப்படித்தான் பிரசங்கித்தார்.

முத்துநகர்:

நான் தூத்துக்குடி, கத்தோலிக்கம், கடற்கரை ஆளு. எங்களுக்குத் தொல்லை நேர் எதிர்ப்பக்கம். "கிறிஸ்டியனா? அப்ப வீட்ல ஒயின் இருக்குமே, கவுன் போடுவீங்களே, டான்ஸ் ஆடுவீங்களே"ன்னு காலேஜ்ல கேட்டாங்க. எல்லாம் சினிமா செஞ்ச வேலை. கிளப்ல ஆடுற பொண்ணுன்னா ரீட்டா, லில்லி. அடியாள்னா பீட்டர், மைக்கேல்.

எங்க அம்மா விடியுமுன்ன எந்திச்சுப் பூசைக்குப் போறவ. தலையில முக்காடு இல்லாம கோயிலுக்குள்ள கால் வெச்சதில்ல. தவக்காலத்துல வீட்ல கறி கிடையாது. பனிமய மாதா கொடி ஏறுனா ஆகஸ்ட் 5 வரைக்கும் வேற நெனப்பே கிடையாது. அதே அம்மா தாலி, கம்மல், பட்டு, மல்லிப்பூ எல்லாம் போடுவா. கண்டிப்பு எங்களுக்கு வேற எடத்துல. சாயங்காலம் ஜெபமாலை சொல்லாம சோறு கிடையாது. சாதி விட்டுக் கல்யாணம் கிடையவே கிடையாது. நம்ம சாதில இந்துவக் கட்டுனாலும் பரவாயில்ல, வேற சாதிக் கத்தோலிக்கன் வேண்டாம்னு சொல்லுற பெருசுங்களப் பாத்திருக்கேன்.

அதனால ‘கண்டிப்பான கிறிஸ்தவ வளர்ப்பு’ன்னு பொதுவா ஒண்ணு இருக்கிற மாதிரிப் பேசுறதே எனக்குச் சரியாப் படல.

குருமனைப்பிள்ளை:

முத்துநகர் சொன்ன சாதி விஷயம் எங்களுக்கும் உண்டு. கிறிஸ்தவப் பத்திரிகைகளில் மணமகள் தேவை விளம்பரம் பாருங்கள். ரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, நகை அணியாத என்று மூன்று தகுதி போட்டுவிட்டு, நாலாவதாகச் சாதிப் பெயரும் இருக்கும். நகையைக் கழற்றியவர்களால்கூட அதைக் கழற்ற முடியவில்லை. எனக்கு இது தாளாத வேதனை.

பழைய ஏடு:

தேரிக்காடு, உங்கள் சீமையின் வரலாறே இந்த விவாதத்துக்குள் இருக்கிறது.

நகையைத் துறப்பது பெந்தெகொஸ்தே சபைகளோடு வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே உண்டு. 1890களின் கடைசியில் திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகப் போய் ஊழியம் செய்த ஐரிஷ் மிஷனரி ஏமி கார்மைக்கேலின் பெண்கள் குழுவில், பொன்னம்மாளும் அவரைப் போன்ற சிலரும் தாங்களாகவே நகைகளைக் கழற்றினார்கள். 1901இல் தோனாவூரில் அவர்கள் நிலைகொள்வதற்கு முந்தைய சம்பவம் இது. சபை ஆட்களே அதற்குக் கடும் எதிர்ப்புக் காட்டினார்கள். நகையில்லாத பெண் குடும்பத்துக்கு அவமானம் என்பதுதான் அன்றைய எண்ணம். இன்று ‘வீட்டில் திணித்தது’ என்று பார்க்கப்படும் வெறுங்கழுத்து அன்று வீட்டையும் ஊரையும் எதிர்த்துப் பெண்கள் எடுத்த முடிவு.

அதற்குச் சில பத்தாண்டுகள் முன்னால், தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் கிறிஸ்தவப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1820களிலிருந்து அடிபட்டு, 1859இல் அரசாணை பெற்றார்கள். மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அதுவும் வந்தது. ஒரு தலைமுறைக்குத் துணியைப் போட்டுக்கொள்வது விடுதலையாக இருந்திருக்கிறது, இன்னொரு தலைமுறைக்கு நகையைக் கழற்றுவது. வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து யார் அடங்கினார்கள், யார் எதிர்த்தார்கள் என்று சொல்ல முடியாது.

முத்துநகர் சொன்னதையும் கொஞ்சம் விரிக்கிறேன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் சுமார் 44 லட்சம், மக்கள்தொகையில் 6.12 சதவீதம். இதில் நகை போடாதவர்களை எல்லாம் ஒரே பெயரில் அழைக்கிறார்கள். சிலோன் பெந்தெகொஸ்தே என்று மக்கள் சொல்லும் சபை 1920களில் இலங்கையில் தொடங்கியது. இன்று தலைமையிடம் தாம்பரத்தை அடுத்த இரும்புலியூர். வெள்ளை உடை உடுத்திய, திருமணம் செய்யாத ஊழியர்கள் விசுவாச வீடுகளில் கூட்டாக வாழ்கிறார்கள். மருந்தைத் தவிர்த்துத் தெய்வீக சுகத்தை நம்புவது அவர்கள் உபதேசம். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகளும் நகை போடுவதில்லை, ஆனால் அவர்கள் உலகம் முழுக்க ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள். ஆராதனை சனிக்கிழமை, பன்றி இறைச்சி கிடையாது. சகோதரர் சபையில் சம்பளப் போதகர் இல்லை, பெண்கள் முக்காடு போடுவார்கள், அந்நியபாஷை (ஆவியின் ஏவுதலால் அறியாத மொழியில்) பேசுவதைப் பொதுவாக ஏற்பதில்லை. அசெம்பிளீஸ் ஆஃப் காட் பெந்தெகொஸ்தேதான், ஆனால் சென்னையின் பெரிய ஏ.ஜி. சபைகளில் நகை போட்டவர்களைத் தாராளமாகப் பார்க்கலாம். யெகோவாவின் சாட்சிகள் இவர்களில் யாரோடும் சேராதவர்கள். தேசிய கீதம் பாடாததால் கேரளத்தில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மூன்று பிள்ளைகள் அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கீதம் பாடும்போது அந்தப் பிள்ளைகள் மரியாதையாக எழுந்து நின்றார்கள் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது.

இவர்கள் எல்லாரையும் ‘அல்லேலூயா கூட்டம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

மருந்துச்சீட்டு:

இழை நல்லாப் போகுது. ஆனா நகை, சினிமா, பாட்டுன்னே பேசுறீங்க. நான் வேற ஒண்ணு சொல்லணும்.

நான் வளர்ந்த சபையில மருந்து சாப்பிடக் கூடாது. எந்தச் சபைன்னு சொல்லல. எங்க பெரியம்மாவுக்குச் சர்க்கரை. கால்ல புண் வந்துச்சு. மாத்திரை எடுத்தா விசுவாசக் குறைவுன்னு ஜெபம் மட்டும் பண்ணிட்டு இருந்தாங்க. புண் கறுத்து வாடை அடிக்க ஆரம்பிச்சப்புறம் பக்கத்து வீட்டு அண்ணன்தான் ஆட்டோல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம் சபையில பெரியம்மாவைப் பாக்க வந்தவங்க ரொம்பக் கம்மி. வந்தவங்களும் எங்க பாவம் இருக்குன்னு தேடிட்டுப் போனாங்க.

நான் இப்ப நர்ஸ். சர்க்கரை வார்டுலதான் டூட்டி. "உன் வளர்ப்புதான் உன்னை நர்ஸ் ஆக்குச்சு"ன்னு யாராவது சொன்னா நான் மறுக்க மாட்டேன், அது உண்மை. அதனால வளர்ப்பைப் பத்திப் பேசவே கூடாதுன்னு இந்த இழை போனா எனக்குச் சம்மதம் இல்ல. சில வளர்ப்பு தப்பு. உடம்புல தழும்பு வெக்கிற அளவுக்குத் தப்பு. "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்"னு வசனம் சொல்லிக்கிட்டே பெல்ட்டால அடிச்ச வீடுகளும் எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளைங்க வளர்ந்து எப்படி இருந்தாலும், அடிச்சது அடிச்சதுதான்.

மட்டுறுத்துநர்:

அனுபவங்களைத் தாராளமாக எழுதுங்கள். குற்றம் சொல்லும் இடத்தில் சபை, போதகர், ஊர் பெயர்களைத் தவிர்க்கவும். இதுவரை எல்லாரும் அப்படியே செய்திருக்கிறீர்கள், நன்றி.

நேர்வழி:

சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் ஸ்தோத்திரம்.

சகோதரி மருந்துச்சீட்டு, உங்கள் பெரியம்மாவுக்கு நடந்தது கொடுமை. எங்கள் சபையில் மருந்துக்குத் தடை இல்லை. நானே இன்சுலின் போடுகிறவன். டாக்டருக்காகவும் ஜெபிக்கிறோம்.

நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். நான் முதல் தலைமுறை விசுவாசி. என் அக்கா கல்யாணத்துக்கு அப்பா வட்டிக்கு வாங்கி நகை போட்டார். அந்தக் கடனை நான் வேலைக்குப் போய் அடைத்தேன். என் வாலிபம் அந்த வட்டியில்தான் போனது. பிறகு ரட்சிக்கப்பட்டோம். "பொன்னினாலாவது, முத்துக்களினாலாவது, விலையேறப்பெற்ற வஸ்திரத்தினாலாவது தங்களை அலங்கரியாமல்" என்று 1 தீமோத்தேயு 2:9 வாசித்தபோது, அந்த வசனம் எனக்கு விலங்கை அவிழ்த்த மாதிரி இருந்தது. என் மனைவி தானாகக் கழற்றினாள். என் இரண்டு மகள்களுக்கும் நாங்கள் நகை போடவில்லை.

ஆனால் கல்யாண வீட்டில், பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், என் முன்னாலேயே என் மகளிடம் "பாவம், உனக்கு ஆசையா இருக்காதா?" என்று கேட்கிறார்கள். பிள்ளை முழிக்கிறது. எங்களை யாரும் அறிவோடு முடிவெடுத்தவர்களாக நினைப்பதே இல்லை. படிக்காதவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள், காசுக்கு மதம் மாறியவர்கள். இந்த மூன்றில் ஒன்றைத்தான் எங்களுக்குத் தருகிறார்கள்.

தேரிக்காடு:

நேர்வழி அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் அம்மா ஞாபகம் வந்தது. அவரும் முதல் தலைமுறை. அவர் கழற்றினார், அது அவர் முடிவு. அதைக் கொச்சைப்படுத்துகிறவர்களோடு நானும் சண்டை போடுவேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். அம்மாவுக்குக் கழற்ற நகை இருந்தது. எனக்குக் கழற்ற எதுவும் இருந்ததில்லை. உங்களுக்கும் அண்ணிக்கும் முடிவாக இருப்பது உங்கள் மகள்களுக்கு இன்னும் முடிவு ஆகவில்லை, அவர்கள் அதற்குள் பிறந்திருக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு மெல்லிய தங்கச் சங்கிலி வாங்கிப் போட்டேன். சில மாதம் போட்டிருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் பிடிக்கவில்லை, தூங்கும்போது உறுத்தியது, பூட்டு நகர்ந்து முன்னால் வந்துகொண்டே இருந்தது. கழற்றி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு போடாமல் இருப்பது என்னுடையது. அந்தச் சில மாதங்கள் எனக்குக் கிடைத்தே ஆக வேண்டியிருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முன்னும் பின்னும் ஒரே வெறுங்கழுத்துதான், எனக்கு இரண்டும் வேறு வேறு.

மருந்துச்சீட்டு, உங்களோடு எனக்கு முரண்பாடு இல்லை. வளர்ப்பைப் பற்றிப் பேச வேண்டும், தப்பைத் தப்பு என்று சொல்ல வேண்டும். நீங்கள் நர்ஸ் ஆனதற்கு உங்கள் பெரியம்மாவின் கால் காரணம் என்று நீங்களே சொல்கிறீர்கள். உங்களைப் பார்த்திராத ஒருவர் உங்கள் சபையின் பெயரைக் கேட்டதும் ‘அதனால்தான் நர்ஸ்’ என்றோ ‘அப்படியும் நர்ஸா?’ என்றோ முடித்துவிடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். உங்கள் கதையை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நேர்வழி:

சகோதரி, யோசிக்க வைத்துவிட்டீர்கள். மூத்தவள் பிளஸ் ஒன் போகிறாள். அவள் வளர்ந்து வேறு முடிவெடுத்தால் நான் துக்கப்படுவேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவள் என் மகள். வீட்டு வாசல் அவளுக்கு எப்போதும் திறந்திருக்கும். இதை அவளிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

சும்மா ஒரு வாசகர்:

எல்லாருக்கும் வளர்ப்பின் தாக்கம் உண்டுதானே? கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர்கள் மட்டும் ‘எங்கள் மேல் தாக்கம் இல்லை’ என்று சொல்வது சரியா?

கீபோர்டுக்காரன்:

தாக்கம் இல்லன்னு இங்க யாரும் சொல்லலயே அண்ணே. என் காதே சபை வளர்த்த காதுன்னு மேல எழுதியிருக்கேன். தாக்கம் இருக்குறது வேற, தாக்கத்தைத் தவிர அந்த ஆள்கிட்ட வேற ஒண்ணுமே இல்லன்னு நெனக்கிறது வேற. உங்க வளர்ப்பைக் கேட்டதும் நீங்க ராத்திரி எத்தன மணிக்குத் தூங்குவீங்க, யாரைக் கட்டுவீங்க, என்ன குடிப்பீங்கன்னு நான் சொல்லிட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்?

மார்த்தாண்டம் மருமகள்:

நான் இந்து வீட்டுல பொறந்து, நகை போடாத சபைக் குடும்பத்துல வாழ வந்தவ. காதல் கல்யாணம்தான், ஆனா ரெண்டு வீடும் உக்காந்து பேசி நடத்துனது.

கல்யாணம் முடிஞ்சு முதல் தடவை வீட்டுக்குப் போனப்ப எங்க அம்மா என்னைப் பாத்து அழுதா. வெறுங்கழுத்தும் வெறும் நெத்தியுமா ஒரு பொண்ணு வாசல்ல வந்து நின்னா எங்க பக்கம் என்னன்னு நெனப்பாங்கன்னு சொல்லவே வேண்டாம். எங்க அத்தை, அதான் மாமியார், அடுத்த வாரமே எங்க அம்மாவப் பாக்க வந்தாங்க. பக்கத்துல உக்காந்து, "நான் இருவத்தஞ்சு வருசமா இப்படித்தான் இருக்கேன் மதினி, என் வீட்டுக்காரர் நல்லாத்தான் இருக்காரு"ன்னு சொன்னாங்க. அம்மா அழுக நின்னு சிரிச்சிட்டா. இன்னைக்கு ரெண்டு பேரும் சேந்துதான் சந்தைக்குப் போறாங்க. என் அத்தையப் பத்தி ‘கடுமையான பெந்தெகொஸ்தே மாமியார்’னு யாராவது பேசுனா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ஆனா ஒண்ணு ஒளிக்க மாட்டேன். நகை வேண்டாம்னு பெருமையாச் சொல்லுற எத்தனையோ குடும்பத்துல ‘அதுக்குப் பதிலா’ன்னு ரொக்கமும் மனையும் காரும் கேக்குறாங்க. எங்க மாவட்டத்துல இத நான் நெறையப் பாத்துட்டேன். 1961லயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தாச்சு. கம்மல் போட்டா பாவம்னு பிரசங்கம் பண்றவங்க இதையும் மேடையில பேசட்டும்.

நேர்வழி:

ஆமென். இதற்கு நான் மறுப்பே சொல்ல மாட்டேன். நகை இல்லாமல் ரொக்கம் வாங்குகிறவன் என் அப்பாவுக்கு வட்டிக்கு விட்டவனைவிட மேலானவன் அல்ல.

புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். படிச்சிட்டு மட்டும் போகலாம்னு இருந்தேன், முடியல. எனக்கு 24 வயசு. நகை போடாத சபையில வளர்ந்தேன். வர்ற தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு சி.எஸ்.ஐ. அவங்க நகை போட்டா நல்லாருக்கும்னாங்க, கட்டாயப்படுத்தல. உண்மையச் சொன்னா எனக்குச் சின்ன வயசுலருந்தே கம்மல் போடணும்னு ஆசை. வீட்ல சொன்னேன். அம்மா ஒரு நாள் பேசல, அப்புறம் "உன் இஷ்டம்"னுட்டாங்க.

என் பயம் என்னன்னா, நான் கம்மலோட நின்னா எங்க சபையில "மாப்பிள்ளை வீட்டுக்காக விசுவாசத்தை விட்டுட்டா"ம்பாங்க. அவங்க பக்கம் "பாவம், இப்பத்தான் விடுதலை கிடைச்சிருக்கு"ம்பாங்க. ரெண்டுமே இல்ல. எனக்குக் கம்மல் பிடிக்கும், அவ்வளவுதான். நான் சபைக்கும் போகத்தான் போறேன். இதை எப்படிச் சமாளிக்கிறது?

தேரிக்காடு:

தங்கச்சி, ரெண்டு பக்கமும் பேசத்தான் செய்வார்கள். கேட்கிறவர்களிடம் இங்கே எழுதிய அதே வரியைச் சொல்லுங்கள்: "எனக்குக் கம்மல் பிடிக்கும்." வசனம், விளக்கம், மன்னிப்பு எதுவும் சேர்க்க வேண்டாம். விளக்கம் நீண்டால்தான் அவர்களுக்குப் பிடி கிடைக்கிறது. அம்மாவிடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேசுங்கள். அவர் ‘உன் இஷ்டம்’ என்று சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். முடிந்தால் கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வரமாட்டேன் என்றாலும் கூப்பிடுங்கள்.

குருமனைப்பிள்ளை:

கல்யாணத்துக்கு முன்பு மாப்பிள்ளைத் தம்பியிடமும் இதைச் சொல்லிவிடுங்கள் அம்மா. நாளைக்கே நீங்கள் கழற்றிவைக்க விரும்பினாலும் அதுவும் உங்கள் விருப்பம் என்று அவருக்கு இப்போதே தெரிந்திருப்பது நல்லது.

மருந்துச்சீட்டு:

புதுசு, காது இன்னும் குத்தலதானே? அப்ப தை வரைக்கும் காத்திருக்காதீங்க, இப்பவே குத்திடுங்க. மடல் ஆற ஆறுலருந்து எட்டு வாரம் ஆகும். கல்யாணத்துக்கு முந்துன வாரம் குத்திட்டு கனமான ஜிமிக்கி போட்டா சீழ் வெச்சிரும். துப்பாக்கி மாதிரி இருக்கிற மெஷின் வேண்டாம், புதுசாப் பிரிச்ச ஊசியில டாக்டர்கிட்டயே குத்திக்கோங்க. முதல்ல சின்னத் தங்கப் பொட்டுக் கம்மல் போதும். கவரிங்ல நிக்கல் இருக்கும், பலருக்கு அலர்ஜி ஆகும். தினம் ரெண்டு வேளை உப்புத் தண்ணில தொடைங்க, கையைக் கழுவாம தொடாதீங்க. ஆறுற வரைக்கும் கழற்றவே கூடாது, கழற்றினா ஓட்டை மூடிக்கும். சிவந்து சூடா இருந்தாலோ சீழ் வந்தாலோ உடனே காட்டுங்க. சர்க்கரை, தழும்பு தடிக்கிற உடம்பு எதுவும் இல்லையே?

புதுசு:

சர்க்கரை இல்லக்கா. தழும்பு பத்தி அம்மாகிட்ட கேட்டேன், அவங்களுக்குச் சின்ன வயசுல குத்துன காது அப்பவே நல்லா ஆறிடுச்சாம். சனிக்கிழமை டாக்டர்கிட்ட போறோம். அம்மாவும் வர்றாங்க.